கில்ட், டார்ட்டன்: தமிழில் எப்படிச் சொல்வது?

கில்ட் என்று தமிழில் எழுதினால் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நகைதான். 'கில்ட் நகை' அவ்வளவு பழகிய சொல். தங்க முலாம் பூசியதற்கும் ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் ஆடைக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, ஒலியும் வேறு. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். அதனால் இந்த ஆடைக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன், அந்தச் சொல்லின் கதை.

கில்ட் முதலில் பெயர்ச்சொல்லே இல்லை, வினைச்சொல். ஆற்றில் இறங்கும்போதும் துணி துவைக்கும்போதும் உடையைத் தூக்கிச் செருகிக்கொள்கிறோமே, அந்தச் செயல்தான் 'கில்ட்'. ஆடையின் பெயராக அது ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டில். சொல்லின் வேர் ஸ்காட்லாந்தில் இல்லை, கடலுக்கு அப்பால் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருக்கிறது. டேனிஷ் மொழியில் 'கில்டெ' என்றால் மடித்துச் செருகுவது. பழைய நார்ஸ் மொழியில் 'கியால்தா' என்றால் மடி. தமிழில் 'மடி' என்பது உட்கார்ந்தால் கிடைக்கும் மடியையும் குறிக்கும், துணியை மடிப்பதையும் குறிக்கும். இரண்டு மொழிக்கும் உறவு ஏதும் கிடையாது. ஆனால் இடுப்பில் துணி சுற்றும் மக்கள் எங்கே இருந்தாலும் இந்த இரண்டு பொருளும் அருகருகே வந்துவிடுகின்றன.

அதை உடுத்திய மலைநாட்டு மக்கள் பேசியது கேலிக் மொழி. அவர்கள் அதைக் கில்ட் என்று சொல்லவில்லை, 'ஃபேலே' என்றார்கள். சுற்றுத்துணி என்று பொருள். அதில் இரண்டு வகை. பெரியது 'ஃபேலே மோர்', சிறியது 'ஃபேலே பெக்'.

16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வழக்குக்கு வந்த பெரிய சுற்றில் தையல் வேலை மிகக் குறைவு. தறியின் அகலம் போதாததால் இரண்டு கம்பளித் துண்டுகளை நீளவாக்கில் சேர்த்துத் தைப்பார்கள், அவ்வளவுதான். கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. துணியைத் தரையில் விரித்து, நடுவில் கொசுவம் மடித்து, அதன் மேல் படுத்து, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு எழுந்திருப்பது. இடுப்புக்குக் கீழே முழங்கால் வரை ஆடை. மேலே மீந்த துணி தோளில் ஏறும். மழை வந்தால் அதுவே தலைமூடி, இரவில் அதுவே போர்வை. கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தாங்கும். சதுப்பு நிலத்திலும் ஓடைகளிலும் நடப்பவர்களுக்குக் கால் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், காலோடு ஒட்டும் ஈரமான காற்சட்டைதான் தொல்லை. வெட்டவெளியில் மாடு மேய்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உடை அமைவது கடினம்.

மேல்பாதியை விட்டுவிட்டுக் கீழ்பாதியை மட்டும் வைத்துக்கொண்டது சிறிய சுற்று. இன்றைய கில்ட் அதன் வழிதான். 1720-களில் இன்வர்கேரியில் இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. மலைநாட்டார் பலர் இதை ஏற்பதில்லை. எனக்கும் தயக்கம்தான். இரண்டு துண்டில் ஒன்றை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்ள ஒரு ஆலை முதலாளி வந்தா சொல்லித்தர வேண்டும்?

1746-இல் கலோடன் போரில் மலைநாட்டார் பலர் இருந்த படை அரசுப் படையிடம் தோற்ற பிறகு இந்த உடைக்கே தடை வந்தது. ஆணோ சிறுவனோ மலைநாட்டு உடை அணிந்தால் முதல் முறை 6 மாதச் சிறை, இரண்டாம் முறை 7 ஆண்டு நாடு கடத்தல். அரசுப் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-இல் தடை நீங்கியபோது ஒரு தலைமுறையே அதைக் கட்டாமல் வளர்ந்திருந்தது. அப்புறம் 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்த, மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். மேய்ச்சல்காரர் உடை விருந்து மண்டபத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்.

இன்று இரண்டு இடமும் அதற்குச் சொந்தம். பகலில் ட்வீட் கோட்டு, தோல் பை. இரவு விருந்துக்கும் திருமணத்துக்கும் வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் குட்டைக் கோட்டு, ரோமம் வைத்த பை. முன்னால் தொங்கும் இந்தப் பைக்கு 'ஸ்போரன்' என்று பெயர். கில்ட்டில் பாக்கெட் இருப்பதில்லை என்பதால் அது வெறும் அலங்காரம் அல்ல.

சரி, டார்ட்டன்? பலர் இதையும் கில்ட்டையும் ஒன்றென நினைக்கிறார்கள். கில்ட் ஆடை, டார்ட்டன் அந்தத் துணியின் கட்டம். பழைய பிரெஞ்சில் கம்பளியும் லினனும் கலந்த ஒரு துணியின் பெயரிலிருந்து இந்தச் சொல் வந்திருக்கலாம் என்பார்கள். கேலிக் மொழியில் அது 'பிரெக்கன்', பல நிறம் தெளித்தது என்று பொருள். உடலில் புள்ளியுள்ள டிரவுட் மீனுக்கும் அதே வேர்ச்சொல்தான் பெயர்.

கைலியிலும் கட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். டார்ட்டனில் பொதுவாகப் பாவில் (நெடுக்கு நூலில்) எந்த நிறங்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ, ஊடையிலும் (குறுக்கு நூலிலும்) அதே வரிசை வரும். ஒவ்வொரு ஊடை நூலும் இரண்டு பாவு நூலுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே என்று போய், அடுத்த வரியில் ஒரு நூல் தள்ளிப் போகும். அதனால் சாய்கோடு விழுகிறது. நிறங்கள் கலந்து புதுச் சாயல்களும் தெரிகின்றன. 2 நிற நூலில் 3 சாயல், 4 நிறத்தில் 10, 6 நிறத்தில் 21. குலத்துக்கு ஒரு கட்டம் என்ற வழக்கம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் இறுகியது. ஆனால் கட்டம் மிகப் பழையது. கிளென் ஆஃப்ரிக் பகுதிச் சதுப்பில் கிடைத்த ஒரு துணி 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது என்று ரேடியோ கார்பன் சோதனையில் தெரிந்தது. 2009 முதல் அரசுப் பதிவேடே இருக்கிறது, ஒவ்வொரு கட்டமும் ஒரு பெயரோடு பதிவாகிறது. அதனால் 'குறிக்கட்டம்' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். பச்சையும் பழுப்புமாக மங்கிய வகையை 'வேட்டைக் கட்டம்' என்றும், வெள்ளை தூக்கலான வகையை 'விழாக் கட்டம்' என்றும் சொன்னால் அங்குள்ள பெயர்களோடு பொருந்தும்.

இனி ஆடைக்கு வருவோம். 'பாவாடை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் உடன்பாடில்லை. பாவாடை மூட்டித் தைத்து நாடா கோத்தது. கில்ட் திறந்த துணி, சுற்றி வந்து வலப்பக்கம் வாரால் பூட்டுவது. முன்பக்கம் தட்டையாக இருக்கும், கொசுவம் முழுக்கப் பின்னால். நல்ல கில்ட்டுக்கு ஒற்றை அகலத் துணி சுமார் 8 கஜம் பிடிக்கும். மடிசார் கட்டுகிறவர்களுக்கு இந்த அளவு வியப்பாக இருக்காது. வேரைப் பார்த்து 'மடியாடை' எனலாமா என்றும் யோசித்தேன். ஆசாரத்துக்குக் கட்டும் மடித்துணியோடு குழம்பிவிடும். நம் கிராமத்துப் பாட்டிகள் கொசுவத்தைப் பின்னால் வைத்துச் சேலை கட்டுவார்களே, அந்தக் கட்டுக்குப் பெயர் பின்கொசுவம். அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 'பின்கொசுவ ஆடை' என்று முதல் இடத்தில் எழுதிக் கில்ட்டையும் பக்கத்தில் சொல்லிவிட்டால், பிறகு யாரும் நகை என்று எண்ண மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் 'பிளெய்ட்' என்ற சொல்லிலும் கவனமாக இருக்க வேண்டும். போர்வையைக் குறிக்கும் கேலிக் சொல்லிலிருந்து வந்தது அது. ஸ்காட்லாந்துக்காரர் எழுதியிருந்தால் பெரும்பாலும் தோளில் போடும் துணி. அமெரிக்கர் எழுதியிருந்தால் வெறும் கட்டம் போட்ட துணி.