மானிய ஆணையைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்

மத்திய அமைச்சகத்திலிருந்து உங்கள் அறக்கட்டளைக்கு வந்த மானிய ஆணையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெறுநர் என்ற இடத்தில் பெரும்பாலும் உங்கள் பெயர் இருக்காது. அமைச்சகத்தின் கணக்குப் பிரிவு அதிகாரிக்கு, அதாவது பே அண்ட் அக்கவுண்ட்ஸ் ஆபீசருக்கு எழுதிய கடிதம் அது. இந்த நிறுவனத்துக்கு இவ்வளவு தொகை வழங்கக் குடியரசுத் தலைவரின் ஒப்பளிப்பு தெரிவிக்கப்படுகிறது என்று தொடங்கும். எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைக்க வேண்டும் என்று சொல்லும். பிறகு நிபந்தனைகள் வரிசையாக வரும். எல்லாம் முடிந்து, 'நகல்' என்று போட்டுக் கீழே வரும் பட்டியலில்தான் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

அதனாலோ என்னவோ, வாங்குகிறவர்கள் அதைத் தங்களுக்கு எழுதியதாக நினைத்துப் படிப்பதில்லை. தொகையைப் பார்ப்பார்கள், வங்கியில் ஏறிவிட்டதா என்று கேட்பார்கள், ஃபைலில் போட்டு வைப்பார்கள். தணிக்கைக்கு நான் போய் உட்காரும்போதுதான் அந்தத் தாள் மறுபடி வெளியே வரும். அதற்குள் பணம் முழுக்கச் செலவாகியிருக்கும்.

தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். பணத்தைக் கையாடிச் சிக்கியவர்களைவிட, ஒரு பைசாவும் எடுக்காமல், ஆணையைப் படிக்காத ஒரே காரணத்தால் சிக்கியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. மத்திய அரசின் மானியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்கு அடிப்படை 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். ஜிஎஃப்ஆர் என்று எல்லா அலுவலகத்திலும் சொல்வது இதைத்தான். மாநில அரசின் மானியத்துக்கு அந்தந்த அரசாணையும் மாநில நிதி விதிகளும் பொருந்தும்.

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்தத் தாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். திட்டத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் நிர்வாக ஒப்புதல் ஒன்று. பணத்தை விடுவிக்கும் ஆணை இன்னொன்று. சில திட்டங்களில் இரண்டும் ஒரே கடிதமாக வரும், சிலவற்றில் தனித்தனியாக வரும். மொத்தத் திட்ட மதிப்பு முதலாவதில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மூன்று வருடத்துக்கும் ஆள் எடுத்து, வாடகை ஒப்பந்தம் போட்டு, பிறகு இரண்டாம் தவணை வராமல் திண்டாடுகிற நிறுவனங்கள் உண்டு. அடுத்த தவணை என்பது முந்தைய தவணையின் கணக்கையும் வேலையின் முன்னேற்றத்தையும் அமைச்சகத்தின் நிதி இருப்பையும் பொறுத்தது. ஆணையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். விடுவிப்பு ஆணையில் உள்ள தொகை மட்டுமே இன்றைக்கு உங்களுடையது. ஆணைக்கு முந்தைய தேதியில் செய்த செலவை இந்த மானியத்தில் எழுத முடியுமா என்பதையும் அங்கேயே பாருங்கள். வெளிப்படையாக அனுமதி தராதவரை முடியாது என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அடுத்தது கணக்குத் தலைப்பு. ஆணையில் நீளமாக எண்கள் கொண்ட ஒரு வரி இருக்கும். அரசாங்கக் கணக்கு வழக்கு, நமக்கெதற்கு என்று கடந்துபோகிற வரி அது. ஆனால் அந்த எண்களின் கடைசிப் பகுதிதான் உங்கள் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று தீர்மானிக்கிறது. 31 என்றால் பொதுவான மானியம். 35 என்றால் மூலதனச் சொத்து, அதாவது கட்டடம், கருவி போல நீடித்து நிற்பவற்றை உருவாக்குவதற்கு. 36 என்றால் சம்பளத்துக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீங்களாக மாற்றிக்கொள்ள முடியாது.

நான் தணிக்கை செய்த ஒரு சிறப்புப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பள்ளி, நேர்மையான நிர்வாகம். 31இல் வந்த மானியத்தில் பிசியோதெரபிஸ்ட்டுக்கு மதிப்பூதியமும் அடக்கம். அந்த வேலையில் இருந்தவர் நடுவில் விலகிவிட்டார், சில மாதங்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. மதிப்பூதியப் பணம் மிச்சம் நின்றது. அதை வைத்து நிர்வாகி, குழந்தைகள் பிடித்து நடந்து பழகும் இணைக் கம்பிகளும், அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினார். மூன்று கொட்டேஷன் வாங்கினார், பில் இருக்கிறது, காசோலையில்தான் பணம் கொடுத்தார். கம்பிகளைக் குழந்தைகள் தினமும் பயன்படுத்துகிறார்கள். கணக்கில் ஒளிவுமறைவே இல்லை.

மானியத்தை எதற்குச் செலவழித்தோம் என்று அமைச்சகத்துக்குத் தரும் பயன்பாட்டுச் சான்றிதழைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. அந்தப் படிவத்தில் பொது, சம்பளம், மூலதனச் சொத்து என்று செலவைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மூலதனச் சொத்து என்ற இடத்தில் ஆணைப்படி வந்த தொகை பூஜ்யம். செலவோ ஒன்றரை லட்சத்துக்கு மேல். பொதுச் செலவு என்று எழுதினால் அது பொய்ச் சான்று. உள்ளபடி எழுதினால் அனுமதி இல்லாத செலவு. உள்ளபடியே எழுதினோம். அமைச்சகம் அதை ஏற்கவில்லை, அடுத்த தவணையில் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டது. அந்த ஓட்டையை அடைக்க அறங்காவலர்கள் சொந்தப் பணம் போட்டார்கள். வாங்குவதற்கு முன்னால், ஆள் கிடைக்கவில்லை, மிச்சத் தொகையை இந்தக் கருவிக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். முடியாது என்றே பதில் வந்திருந்தாலும் கைப்பணம் போயிருக்காது.

வட்டியைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறாதவர்கள் குறைவு. மானியத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் வட்டி வரும். அந்த வட்டி உங்களுடையது இல்லை. பொது நிதி விதிகளின் 230(8) இதைத் தெளிவாகச் சொல்கிறது: மானியத்தின் மீது ஈட்டிய வட்டியும் பிற வருமானமும் கணக்கு முடிந்தவுடன் இந்தியத் தொகுப்பு நிதியில் கட்டப்பட வேண்டும், அடுத்த தவணையில் ஈடுகட்டிக்கொள்ளக் கூடாது. 'வட்டியையும் திட்டத்துக்கே செலவழித்துவிட்டோம் சார்' என்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் விதி இடம் தரவில்லை. மத்திய அரசுக்குப் பணம் செலுத்தும் இணையதளமான பாரத்கோஷில் கட்ட வேண்டும். அங்கே அமைச்சகத்தையும் உரிய கணக்கு அலுவலகத்தையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். தவறான அலுவலகத்தின் பெயரில் கட்டிவிட்டால், பணம் கட்டியும் கட்டாத கதையாகி, கடிதப் போக்குவரத்திலேயே காலம் போகும். ரசீதைப் பயன்பாட்டுச் சான்றிதழோடு இணையுங்கள்.

இதனால்தான் மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைக்கச் சொல்கிறேன். நன்கொடையும் மானியமும் ஒரே கணக்கில் கிடந்தால், எந்த வட்டி எதற்கு வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு. இப்போது பல திட்டங்களில் பணமே பிஎஃப்எம்எஸ் என்ற மத்திய அரசின் இணையவழி நிதி மேலாண்மை அமைப்பு வழியாக, குறிப்பிட்ட கணக்கு முறையில்தான் வருகிறது. செலவையும் அதிலேயே பதிய வேண்டியிருக்கும். எந்த முறை என்பதை ஆணை சொல்லும்.

சரி, பயன்பாட்டுச் சான்றிதழுக்கு வருவோம். அலுவலகங்களில் இதைச் சுருக்கமாக யூசி என்பார்கள். ஒருமுறை வழங்கும் மானியத்துக்கு, நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் யூசி தர வேண்டும் என்கிறது விதி 238. இதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, ஒரு வருடம் இருக்கிறதே என்று ஆறப்போடுகிறவர்கள், தங்கள் ஆணையில் அதைவிடக் குறைந்த கெடு போட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. போட்டிருந்தால் அதுதான் உங்கள் கெடு. ஆண்டுதோறும் வரும் மானியமாக இருந்தால், முந்தைய ஆண்டின் யூசியும் தணிக்கை அறிக்கையும் போகும்வரை, அடுத்த ஆண்டுக்கு ஒப்பளித்த தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் விடுவிக்க மாட்டார்கள்.

யூசி என்பது ஆடிட்டர் போட்டுத் தரும் பேப்பர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. யூசிக்கான படிவம் 12-ஏயை எடுத்துப் பாருங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நிறுவனத்தின் தலைவரும் நிதிப் பொறுப்பாளரும். திட்டத்தில் குறித்த பயனாளிகளுக்கே பலன் போய்ச் சேர்ந்தது, குறித்த பகுதிகளில் மட்டுமே வேலை நடந்தது, செலவு அனுமதித்த விகிதத்தில் இருந்தது, சொத்துப் பதிவேடு உட்பட ஏடுகள் பராமரிக்கப்படுகின்றன, விதிமீறலான பரிவர்த்தனை எதுவும் தங்களுக்குத் தெரிந்து நடக்கவில்லை என்று வரிக்கு வரி அவர்கள் சான்றளிக்கிறார்கள். இந்தப் படிவத்தை வருடக் கடைசியில் பார்க்காமல், பணம் வந்த அன்றே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். எதற்கெல்லாம் கையெழுத்துப் போடப் போகிறோம் என்று தெரிந்தால், எந்தெந்த ஏடு வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். சப்ளையருக்குக் கொடுத்த முன்பணத்தை முடிந்த செலவாகக் காட்டாதீர்கள். பொருளும் பில்லும் வந்த பிறகுதான் அது செலவு.

இனி பாண்டு, அதாவது மானியத்துக்காக நிர்வாகக் குழு உறுப்பினர்கள் எழுதித் தரும் பிணைப் பத்திரம். முத்திரைத்தாளில் ஏற்கெனவே டைப் செய்து, 'இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்று நீட்டுவார்கள். நிர்வாகக் குழுவில் உள்ள ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊர்ப் பெரியவர், செயலாளரின் நண்பர் எல்லோரும் நம்பிக்கையில் போட்டுவிடுவார்கள். அவர்கள் என்ன ஒப்புக்கொள்கிறார்கள் தெரியுமா? நிபந்தனைகளைக் குறித்த காலத்தில் நிறைவேற்றுவோம், மானியத்தை வேறு எதற்கும் திருப்ப மாட்டோம், திட்டத்தை வேறு நிறுவனத்திடம் ஒப்படைக்க மாட்டோம். தவறினால், கையெழுத்துப் போட்டவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும், மானியத்தை முழுதாகவோ பகுதியாகவோ ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு குடியரசுத் தலைவருக்குத் திருப்பிச் செலுத்தப் பொறுப்பாவார்கள். தனித்தனியாகவும் என்ற சொல்லை நிறுத்திப் படியுங்கள். மற்றவர்களிடமிருந்து வராவிட்டால் முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம் என்று அதற்குப் பொருள். அரசே பட்ஜெட்டை ஒப்புதல் செய்யும் நிறுவனங்களுக்கும் தன்னாட்சி அமைப்புகளுக்கும் இந்தப் பாண்டு தேவையில்லை. தொண்டு நிறுவனங்களுக்கு அந்த விலக்கு கிடையாது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வோர் உறுப்பினரும் கையெழுத்துக்கு முன் ஆணையின் நகலைப் படிக்க உரிமை உள்ளவர். படிக்காமல் போட மாட்டேன் என்று ஓர் உறுப்பினர் சொன்னால், செயலாளர்கள் தயவுசெய்து அதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டத்தை வேறு நிறுவனத்திடம் கொடுக்கக் கூடாது என்ற வரியைக் குறிப்பாகப் பாருங்கள். களப்பணியைப் பக்கத்து ஊர் சங்கத்திடம் விட்டு, அவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை அனுப்புவது நம்மிடம் சாதாரணமாக நடக்கிறது. நட்பாகத் தெரிகிற அந்த ஏற்பாடு பாண்டின்படி மீறல்.

மற்றவை சுருக்கமாக. மானியத்தில் வாங்கிய சொத்தை முன் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, வேறு வேலைக்குப் பயன்படுத்தவோ கூடாது. பழைய வண்டியைக் கொடுத்துப் புது வண்டி எடுப்பதும் இதில் சேரும். ஒரே ஆசிரியரின் ஊதியத்தை இரண்டு மானியத்தில் காட்டாதீர்கள். வேறு அமைச்சகத்திலோ மாநில அரசிலோ இதே வேலைக்கு உதவி வாங்கியிருக்கிறீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்டிருப்பார்கள், நீங்களும் பதில் எழுதியிருப்பீர்கள். உங்கள் கணக்குகள் அமைச்சகத்தின் ஆய்வுக்கும், இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின், அதாவது சிஏஜியின் தணிக்கைக்கும் திறந்தே இருக்கும் என்ற வரியும் ஆணையில் இருக்கும். அவருடைய கடமைகள், அதிகாரங்கள் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவுப்படி, மானியமோ கடனோ 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் அந்த நிறுவனம் அவருடைய தணிக்கைக்குள் வருகிறது. அரசு நிதி கணிசமாகப் பெறும் தொண்டு நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் சொல்லிவிட்டது. ஆகவே பில்லையும் வவுச்சரையும் யாரோ ஒருநாள் கேட்பார்கள் என்று எண்ணியே அடுக்கி வையுங்கள்.

கடைசியாக மார்ச் மாதம். பல தவணைகள் நிதியாண்டு முடியப்போகும் நேரத்தில்தான் வந்து சேரும். மார்ச் 31க்குள் செலவழித்தே ஆக வேண்டும் என்ற பதற்றத்தில் வேண்டாததை வாங்குகிறார்கள், அல்லது செலவாகாத தொகையைச் செலவானதாக எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மிச்சத் தொகையை யூசியில் இருப்பாகவே காட்டுங்கள். அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு, காரணத்தையும் செலவுத் திட்டத்தையும் எழுதி, மார்ச் முடிவதற்குள் கடிதம் அனுப்புங்கள். ஆணையின் எண், தேதி, எத்தனையாவது நிபந்தனை என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். அப்புறம், போனில் 'சரி, பண்ணிக்கோங்க' என்று பிரிவு அலுவலர் சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் மாற்றலாகிப் போய்விடுவார், தணிக்கைக்கு வருகிறவர் எழுத்தைத்தான் கேட்பார். அன்றைக்கே அந்தப் பேச்சைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வரும்வரை அந்தத் தொகையைத் தொடாமல் வையுங்கள்.