கயாக்கில் விளக்குப் பூட்டுவோர் கவனத்துக்கு

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் கயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகைச் சொந்தமாக வைத்திருப்போர் தொகை கூடிவிட்டது. அதற்கு விளக்கு, மீன் காட்டும் கருவி, கைப்பேசிக்கு மின்னேற்றும் இணைப்பு, நீர் இறைக்கும் சிறு பம்ப் என ஒவ்வொன்றாகப் பூட்டித் தரும்படி படகு மின்வேலை செய்யும் எங்களிடம் வருவோரும் கூடிவிட்டனர். வரும்போதே பலர் முச்சக்கரவண்டி உதிரிப்பாகக் கடையில் வாங்கிய எல்.ஈ.டி. பட்டியையும் மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றையும் கையோடு கொண்டுவருகிறார்கள். இவை தரையில் ஓடும் வாகனத்துக்கென்று செய்யப்பட்டவை. மழையைத் தாங்கும், ஆனால் கடலைத் தாங்கா. கயாக் என்பது எப்போதாவது நனையும் வாகனம் அன்று. எப்போதாவது முழுதாக மூழ்கக்கூடிய வாகனம். அதில் பூட்டும் ஒவ்வொரு வயரையும் அது ஒருநாள் நீருக்கடியில் இருக்கும் என்று எண்ணியே பூட்ட வேண்டும்.

திருத்த வரும் கயாக்குகளில் விளக்கு எரிந்துபோனது அபூர்வம். பற்றரி செத்துப்போனதும் குறைவு. கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் வயரின் மூட்டு. இரண்டு வயர்களை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். உப்பு நீர் அந்த டேப்பின் இடுக்கால் நுழைந்து, செப்பு இழைகளுக்கு இடையே நுண்குழாயில் ஏறுவதுபோல உறையின் உட்புறமாகவே வெகுதூரம் ஊர்ந்து செல்லும். வெளியே பார்த்தால் வயர் புதிதாகவே இருக்கும். உறையைச் சீவினால் உள்ளே பச்சையாகவோ கருமையாகவோ களிம்பு பிடித்திருக்கும். வயரில் மின் ஓடிக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும். நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்தே போகும். ஆதலால் வெள்ளீயம் பூசிய செப்பு வயரே கடலுக்கு உகந்தது. மூட்டு தவிர்க்க முடியாததாயின், நெருக்கிப் பிடிக்கும் இணைப்பியைப் போட்டு, உட்புறத்தில் பசையுள்ள வெப்பச் சுருங்கு குழாயால் மூட வேண்டும். அதைவிட நல்லது, மூட்டே இல்லாதபடி விளக்கிலிருந்து பற்றரிப் பெட்டிவரை ஒரே வயரை இழுப்பது.

இங்கே பலர் அறியாத ஒரு கேடு சிலிக்கோன் பசையில் இருக்கிறது. ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும், பூசும்போது வினாகிரி மணக்கும் சிலிக்கோன், காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது. நீர் புகாமல் காப்பதற்கென்று மூட்டின் மேல் பூசப்படும் அதுவே செம்பை அரிக்கத் தொடங்கிவிடும். மேலும், நம்மிடம் வரும் கயாக்குகளில் பெரும்பாலானவை பொலிஎதிலீனில் வார்க்கப்பட்டவை. அந்தப் பிளாஸ்ரிக்கில் சிலிக்கோன் உறுதியாக ஒட்டாது, சில வாரங்களில் தோலாக உரிந்துவிடும். துளையிட்டு வயரை உள்ளே செலுத்துவதாயின் வயரைச் சுற்றி இறுக்கும் கிளாண்ட் என்ற திருகுமூடியும், இருபுறமும் ரப்பர் வளையமும் போட்டு முறுக்குவதே நம்பத்தக்க வழி. துளையே இடாமல் முடிக்க இயலுமாயின் அதுவே என் விருப்பம்.

பற்றரிப் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும், தூசும் நீரும் புகாத தரத்தைக் குறிக்கும் ஐ.பி. எண்ணையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. ஐ.பி. 67 என்பது 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் நன்னீரில் வைத்துப் பார்த்த சோதனை. உப்பின் அரிப்பையோ, வெயிலில் ரப்பர் வளையம் இறுகி வெடிப்பதையோ அது கணக்கில் எடுப்பதில்லை. நண்பகல் வெயிலில் காய்ந்த பெட்டி திடீரெனக் கடலில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருங்கி, மூடியின் இடுக்கு வழியே நீரை உறிஞ்சும். கரையில் வாளித் தண்ணீரில் அமிழ்த்திச் சோதித்தபோது கசியாத பெட்டி கடலில் கசிவது பெரும்பாலும் இதனாலேயே.

பற்றரியைப் பொறுத்தவரை, அமிலம் ததும்பும் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கயாக்கில் வைப்பதை நான் மறுத்துவிடுவேன். கவிழ்ந்தால் அமிலம் சிந்தும். உப்பு நீர் முனைகளைத் தொட்டால் குளோரின் வாயு உண்டாகும். மூடிய ஈய அமிலப் பற்றரி இதைவிடப் பரவாயில்லை. 12 வோல்ற், 7 அம்பியர் மணிப் பற்றரியில் 84 வாற்று மணி இருந்தாலும், அது நீடிக்க வேண்டுமானால் பாதியளவே செலவிடலாம். 2 வாற்று விளக்கும் 6 வாற்று மீன் காட்டும் கருவியும் ஓடினால் 5 மணி நேரம் கிடைக்கும். லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி எடையில் குறைவு, சூட்டையும் ஓரளவு தாங்கும். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய செல்களைக் கோத்துச் செய்த பொதிகளை மட்டும் தொடவே வேண்டாம். உப்பு நீர் புகுந்த லித்தியம் பொதி அன்றைக்கே தீப்பற்றாமல், சில நாள் கழித்துப் பற்றுவதும் உண்டு. நனைந்துவிட்டால் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத வெளியிடத்தில் வையுங்கள்.

12 வோல்ற் ஆளைக் கொல்லாது என்பதால் பியூஸ் தேவையில்லை என்று வாதிடுவோர் உள்ளனர். பியூஸ் ஆளைக் காப்பதற்கன்று, வயரைக் காப்பதற்கு. இரு முனை வயர்களும் நேரே தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டால் மெல்லிய வயர் நொடிப்பொழுதில் பழுக்கும். அதைச் சுற்றியிருப்பது பிளாஸ்ரிக் உடலும் நடுக்கடலும். நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும்.

இனி விளக்கு. கயாக் விளக்கின் வேலை உங்களுக்கு வழி காட்டுவதன்று. வேகமாக வரும் பைபர் படகோட்டிக்கு உங்களைக் காட்டுவது. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, துடுப்பால் செல்லும் கலம் பாய்க்கலத்துக்குரிய விளக்குகளை ஏற்றலாம். இல்லையேல் வெள்ளை ஒளி தரும் டோர்ச்சையாவது கைக்கெட்டும்படி வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். மின் மோட்டார் பூட்டி ஓடினால் அது துடுப்புக் கலமன்று, எஞ்சின் கலம்; விளக்கும் அதற்கேற்ப மாற வேண்டும். கடலில் சிவப்பு இடப்பக்கத்தையும் பச்சை வலப்பக்கத்தையும் குறிக்கும். அழகுக்காக உடல் முழுதும் சிவப்புப் பட்டி ஒட்டிய கயாக்கைக் காணும் ஓட்டுநர், அது எத்திசையில் போகிறது என்று தவறாகவே கணிப்பார். மற்றக் கலங்களின் கவனத்தை ஈர்ப்பதற்கு, பலமாக விட்டுவிட்டு மின்னும் விளக்கைப் பயன்படுத்துவதையும் அதே விதிகள் தவிர்க்கச் சொல்கின்றன. வெள்ளை விளக்கை இருப்பவரின் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே உயரும் கம்பத்தில், கீழ்ப்பக்கம் ஒளி சிந்தாதபடி ஒரு தட்டுடன் பொருத்துங்கள். அணியத்தில், அதாவது முன்முனையில், வைத்தால் அது உங்கள் கண்ணையே கூசச்செய்யும். இருட்டுக்குப் பழகிய கண் மீண்டும் பழக இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்.

நம் கரையில் சூரியன் மறைந்து அரைமணிக்குள் நன்றாக இருட்டிவிடும். கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும் மாதங்களில், மாலை ஐந்து மணிக்குத் திரும்பிவிட எண்ணியவர் ஏழு மணிக்கும் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே பகல் பயணத்துக்கும் விளக்கு வேண்டும். கடற்படைத் தளமும் வணிகக் கப்பல்களும் உள்ள உட்துறைமுகத்தில் இரவில் இறங்குவதற்கு முன் உரிய அனுமதியைக் கேட்டறிய வேண்டும். எத்தனை விளக்கு இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

சொல்வது என் பிழைப்புக்கு எதிரானதாயினும், மாலையில் ஓரிரு மணி நேரம் கரையோரம் துடுப்புப் போடுவோருக்கு வயரிங்கே தேவையில்லை. தன்னுள்ளேயே பற்றரி கொண்ட, மூடி முத்திரையிட்ட வெள்ளைக் கம்ப விளக்கு ஒன்றும், உயிர்காப்பு அங்கியில் கயிற்றால் கட்டிய நீர்புகா டோர்ச் ஒன்றும், ஒரு விசிலும் போதும். மீன்பிடிக்கும் கருவிகளுக்காக வயரிங் செய்தே ஆகவேண்டியவர்களும் இந்த டோர்ச்சைப் பெரிய பற்றரியோடு இணைக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். அவர்களின் பற்றரி கயாக்கின் நடுவில், அடிமட்டத்தில், வாரால் கட்டப்பட்டிருக்க வேண்டும். தொங்கும் வயர் எதுவும் கவிழும்போது காலில் சுற்றாதபடி ஓரத்தோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். கரை வந்ததும் இணைப்பிகளை நன்னீரால் கழுவி உலர்த்துங்கள். மின்னேற்றுவதைக் கயாக்கின் உள்ளே செய்யாமல் பற்றரியை வெளியே எடுத்துச் செய்யுங்கள். ஈய அமிலப் பற்றரி மின்னேறும்போது வெளிவரும் ஐதரசன் மூடிய உடலுக்குள் தேங்கினால், ஒரு சுவிட்சின் பொறியே வெடிப்புக்குப் போதும்.