பனியன் கம்பெனித் தூசி விந்தகம் வரை போகுமா?

திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நாள் பூரா பஞ்சுத் தூசியிலதானுங்க வேலை. இது ஆண்மையைப் பாதிக்குங்களா?"

கண்ணுக்குத் தெரிகிற பஞ்சு அவ்வளவு தூரம் போகாது. மூச்சுக்குழாயோடு நின்று அங்கேயே கெடுதல் செய்யும். ஸ்பின்னிங் மில் தொழிலாளர்களுக்கு வரும் பைசினோசிஸ் என்ற மூச்சு நோய் அப்படிப்பட்டதுதான். ரத்தத்தில் கலப்பவை அதைவிட மிக மிகச் சிறியவை. டீசல் புகையிலும், தேய்ந்து உதிரும் பிளாஸ்டிக்கிலும் இருக்கும் மீநுண் துகள்கள் நுரையீரலின் காற்றறைச் சுவரையோ குடல் சுவரையோ தாண்டிவிடும். பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ள, மிச்சம் ரத்தம் போகும் இடமெல்லாம் போகும். விந்தகமும் அதில் ஒன்று.

2024-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகக் குழு, 23 ஆண்களின் விந்தகத் திசுக்களைச் சோதித்து, அத்தனையிலும் பிளாஸ்டிக் இருப்பதாகச் சொன்னது. அதிகம் இருந்தது பாலித்தீன். ஆனால் திசுவைச் சூடாக்கி, வரும் வாயுவைப் பார்க்கும் முறை அது. உடல் கொழுப்பும் பாலித்தீன் போலவே காட்டக்கூடும் என்பதால், அளவைப் பற்றி விவாதம் உண்டு.

சரி, விந்தகம் வரை வந்த துகள் விந்தணுவைத் தொட்டுவிடுமா? அங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இருக்கிறது. விந்தணு வளரும் நுண்குழல்களில் செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகத் தைத்துக்கொண்டு ஒரு தடுப்பாக நிற்கின்றன. விந்தணுக்கள் பருவ வயதில்தான் முதன்முதலாக உருவாகின்றன. அதற்குள் நம் நோய் எதிர்ப்பு அமைப்பு 'நம்மவர்' பட்டியலை முடித்திருக்கும். ஆகவே அவற்றை அதன் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். ஆனால் விந்தணுவாகப் போகும் செல் பிறப்பதோ தடுப்புக்கு வெளியே. அது எப்படி உள்ளே போகிறது? பட்டி மாற்றும்போது ஆடுகளுக்குப் பின்னால் புது வேலியைக் கட்டிவிட்டு, அப்புறம் முன்னால் இருக்கும் பழைய வேலியைப் பிரிப்பது போல, செல்லுக்குக் கீழே புதிய இணைப்புகள் உருவாகின்றன. அதன் பிறகே மேலே உள்ளவை கரைகின்றன. ஒரு நொடிகூடத் தடுப்பு திறந்து கிடப்பதில்லை. பருவம் எய்திய நாளிலிருந்து கடைசிவரை இது நடந்துகொண்டே இருக்கிறது!

ஆனாலும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்கள் இந்தத் தடுப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. துகளுக்கு அவை எட்டும். தவிர, பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் துகள் கொடுத்த எலிகளில் அந்த இணைப்புப் புரதங்களே குறைந்தன, விந்தணு எண்ணிக்கையும் இறங்கியது. அவற்றுக்குக் கொடுத்த அளவு பெரும்பாலும் அதிகம். மனிதரில் இது இன்னும் நிரூபணமாகவில்லை.

இந்த ஆய்வு கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நடக்க வேண்டும். தூசிக்குள் வாழ்நாளைக் கழிக்கிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், பணமும் இங்கேதான் ஒதுக்கப்பட வேண்டும். குழந்தை இல்லையென்றால் பெண்ணின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பரிகாரத்துக்கு அலைகிறோம். ஆணை ஒரு விந்துப் பரிசோதனைக்கு அனுப்ப மாட்டேன் என்கிறோம். இது பெரிய அநியாயம்.

தம்பி, மாஸ்க் போடுங்கள், அது நுரையீரலுக்காகவாவது. சந்தேகம் இருந்தால் பரிசோதனை எடுங்கள். எண்ணிக்கை குறைவாக வந்தால் பதற வேண்டாம். ஒரு விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை மாதம் போல ஆகும். இன்றைய ரிசல்ட் அந்த இடைவெளியில் வந்த காய்ச்சலின் பாதிப்பையும் காட்டும். அதனால்தான் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள்.