பிரேக் இல்லாத படகும் திசை மாறும் ஆறும்

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட்டை முதல்முறை பார்ப்பவருக்கு, யாரோ ஒரு ரயில் பெட்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டதுபோலத்தான் தெரியும். அகலம் 2.1 மீட்டர், நீளம் 22 மீட்டர் வரைகூடப் போகும். 18ஆம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டியவர்கள், செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க லாக்குகளை அந்த அகலத்துக்குத்தான் கட்டினார்கள். லாக் என்பது படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும், இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. தொட்டி ஒல்லி, அதனால் படகும் ஒல்லி. தட்டையான அடி, பதினைந்து இருபது டன் இரும்பு, பின்முனையில் நின்று கையால் தள்ளும் சுக்கான், பிரேக் கிடையாது. கால்வாயில் வேக வரம்பே மணிக்கு 6.4 கி.மீ. என்பதால் இதெல்லாம் ஒரு குறையாகவே தெரியாது, கொஞ்சம் வேகமாக நடப்பவர் முந்திவிடுவார்.

அதே படகு டிரென்ட் ஆற்றுக்குள் நுழையும்போது கதையே வேறு. இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களிலிருந்து யார்க்‌ஷயர் பக்கம் போக நினைப்பவர்களில் பலர் இந்த ஆற்றைத்தான் பிடிக்கிறார்கள். கிராம்வெல் என்ற இடத்து லாக்கைத் தாண்டியதும் ஆறு கடலின் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கிறது. அங்கிருந்து ஹம்பர் கழிமுகம் வரை சுமார் 80 கி.மீ. தூரம், கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதத்தால் ஒரு நாளைக்கு நான்கு முறை தண்ணீர் திசை மாறும்: ஏற்றத்தில் கடலிலிருந்து உள்ளே, இறக்கத்தில் திரும்ப வெளியே.

நான்கு முறை என்றதும் ஆறு மணி நேரம் உள்ளே, ஆறு மணி நேரம் வெளியே என்று மனம் கணக்குப் போட்டுவிடும். கடற்கரையில் அது கிட்டத்தட்ட சரி. ஆற்றுக்குள் இல்லை. டிரென்ட்டில் உள்ளே போகப் போக ஏற்றம் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், மீதி நேரமெல்லாம் இறக்கம்தான்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? ஓதமும் ஒரு அலைதான், ஆனால் பல நூறு கி.மீ. நீளமான அலை. ஆழம் குறைந்த நீரில் இப்படிப்பட்ட நெடிய அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது, ஆழத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வரும். 1 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 3.1 மீட்டர், 4 மீட்டர் ஆழத்தில் அதற்கு இரண்டு மடங்கு. இப்போது ஆற்றில் நுழையும் ஓதத்தை யோசியுங்கள். அதன் உச்சி ஆழமான நீரில் போகிறது, அதனால் வேகம் அதிகம். அதற்கு முன்னால் போகும் பள்ளமோ ஆழம் குறைந்த நீரில் தவழ்கிறது. உச்சி பள்ளத்தைத் துரத்திக்கொண்டே வர, அலையின் முன்பக்கம் செங்குத்தாகி, பின்பக்கம் நீண்டு படுத்துவிடும். செங்குத்தான பக்கம்தான் அவசர அவசரமாக வரும் ஏற்றம், படுத்த பக்கம்தான் மணிக்கணக்கில் வடியும் இறக்கம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களில், அதுவும் ஆற்றில் நீர்வரத்து குறைந்திருக்கும்போது, முன்பக்கம் அப்படியே ஒரு சுவராகவே எழும்பி ஆற்றை எதிர்த்து ஏறி வரும். டிரென்ட் கரையோரத்தில் இதற்குப் பெயர் ஈகர். அதன் பின்னால் வரிசைகட்டி வரும் அலைகளுக்கு ‘வெல்ப்ஸ்’ என்று பெயர், நாய்க்குட்டிகள் என்று அர்த்தம். அலையைத் திரும்பிப் போகச் சொல்லி நாற்காலி போட்டு உட்கார்ந்த கனூட் ராஜா கதையை இந்த ஆற்றின் கெயின்ஸ்பரோ ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் நடந்ததாகவே சொல்லிக்கொள்வார்கள். ஈகர் வரும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆற்றின் நடுவில், ஆழமான இடத்தில், முன்முனையை நேராக அதன் பக்கம் வைத்து இன்ஜினை ஓடவிடுவது. கரையோர ஆழமற்ற நீரில்தான் அது உடைந்து புரளும், பக்கவாட்டில் மாட்டினால் ஆபத்து.

சரி, ஈகர் இல்லாத சாதாரண நாள், ஆற்றங்கரை ஊரான டார்க்ஸியில் இருந்து இறக்கத்தோடு வடக்கே கீட்பிக்குப் போகிறோம் என்று வையுங்கள். படகு தண்ணீரில் மணிக்கு 6 கி.மீ. போகிறது, தண்ணீரே 5 கி.மீ. போகிறது, கரையிலிருந்து பார்த்தால் 11. இங்கேதான் புதியவர்கள் தப்புப் பண்ணுகிறார்கள். கரை பறப்பதைப் பார்த்துப் பயந்து இன்ஜினைக் குறைப்பார்கள். சுக்கானுக்குக் கரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, தன்மேல் படும் தண்ணீரின் வேகம்தான் அதற்குத் தெரியும். இன்ஜினைக் குறைத்ததும் அந்த வேகம் போய்விடும், ஆறு கொண்டுபோகும் வேகம் மட்டும் அப்படியே இருக்கும், படகு வெறும் கட்டையாக மிதக்கும்.

வளைவுகளில் வெளிப்பக்கமாகவே போக வேண்டும். உள்பக்கம் குறுக்குவழி மாதிரி தோன்றும், ஆனால் மணல்திட்டு அங்கேதான் இருக்கும். வளைவில் மேல்நீர் வேகமாக ஓடுவதால் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது, அங்கே மட்டம் சற்று உயர்கிறது. தரையோடு உரசி வேகமிழந்த அடிநீரை அந்த உயர்வு உள்பக்கமாகத் தள்ளுகிறது, மணலும் கூடவே போகிறது. டீயைக் கலக்கிவிட்டால் தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவிகிறதே, அதே சங்கதி. ஐன்ஸ்டைன் 1926இல் டீக் கோப்பையையும் ஆற்று வளைவையும் சேர்த்தே விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். இறக்கத்தில் திட்டில் ஏறிவிட்டால் அடுத்த ஏற்றம் வரும்வரை அங்கேயே சாய்ந்து கிடக்க வேண்டியதுதான்.

கீட்பிதான் பரீட்சை, ஆற்றை விட்டு யார்க்‌ஷயர் பக்கக் கால்வாய்க்குள் திரும்ப வேண்டிய இடம். 1916இல் திறந்த பெரிய ரயில் பாலத்தைக் கடந்ததும் இடது கரையில் லாக் வாசல், ஆற்றுக்குக் குறுக்காக. ஓட்டத்தோடு வந்து நேராக உள்ளே திருப்பலாம் என்று நினைத்தால் முடியாது. 18 மீட்டர் படகு 60 செ.மீ. ஆழம் மூழ்கியிருந்தால், குறுக்கே நிற்கும்போது நொடிக்கு 1.5 மீட்டர் ஓட்டம் அதைத் தோராயமாக ஒரு டன் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். சாதாரண நேரோபோட் இன்ஜின் தரும் உந்துதல் அதில் பாதிகூட வராது. ஓட்டம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

அதனால் முதலில் நடு ஆற்றில் படகை முழுசாகத் திருப்பி ஓட்டத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள். இப்போது இன்ஜின் வேகத்தை ஓட்டத்தின் வேகத்துக்குச் சமமாக வைத்தால், கரையைப் பொறுத்தவரை படகு அசையாது, ஆனால் சுக்கான்மேல் நொடிக்கு 1.5 மீட்டரில் தண்ணீர் ஓடுகிறது, முழுக் கட்டுப்பாடு கையில். படகில் இல்லாத பிரேக்கை ஆறே தருகிறது! முன்முனையைக் கரைப்பக்கம் லேசாகச் சாய்த்தால் போதும், படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும்.

கடைசி பத்து நொடி மட்டும் துணிச்சல் வேண்டும். முன்முனை வாசலின் அசையாத நீருக்குள் நுழைந்த பிறகும் பின்முனை ஓட்டத்தில்தான் இருக்கும், ஆறு அதைத் தள்ளிப் படகைச் சுழற்றும். அதனால் வாசலில் ஓட்டம் வரும் பக்கத்து மூலையைக் குறிவைத்து, வேகத்தைக் கூட்டி நுழைகிறார்கள். இங்கே தயங்கினால் பின்பகுதி சுவரில் இடிக்கும். உள்ளே போனதும் ரிவர்ஸ் போட வேண்டும், இல்லாவிட்டால் எதிர்க் கதவு.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. கீட்பியில் ஏற்றம் தொடங்கியதும் கிளம்பி தெற்கே போனால், ஓத அலையும் அதே திசையில் நகர்கிறது. கரையில் நிற்பவருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும் ஏற்றம், அதோடு கூடவே ஓடும் படகுக்கு இன்னும் வெகுநேரம் நீடிக்கும். இறக்கத்தோடு போகிறவர் அடுத்த ஏற்றத்தை எதிரே போய்ச் சந்திக்கிறார், அதனால் அவருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. ஒரே ஆறு, ஒரே நாள், ஆனால் போகும் திசையைப் பொறுத்து ஓதத்தின் நீளமே வேறு.