எஸ்.எம்.டி. ஹாம் கிட்: கைநடுக்கத்தை விட ஆபத்தானவை

மலையேறும்போது பையில் போட்டுக்கொள்ளும் 5 வாட் சி.டபிள்யூ. (மோர்ஸ் சங்கேதம்) டிரான்ஸ்சீவர், அதாவது ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் சிக்னல் அனுப்பவும் பெறவும் பயன்படுத்தும் கருவி, நாமே பொருத்தும் கிட்டாகக் கிடைக்கிறது. இத்தகைய கிட்டுகள் பலவற்றில் இருப்பவை எஸ்.எம்.டி. பாகங்கள்தான், அதாவது போர்டின் மேற்பரப்பிலேயே சால்டர் செய்யும் குட்டிப் பாகங்கள். "கை நடுங்குமே" என்று பலர் தயங்குகிறார்கள். 0805 அளவுப் பாகம் 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம்; நல்ல உருப்பெருக்கி இருந்தால் பொறுமையுள்ள யாரும் வைத்துவிடலாம். சால்டரிங் சுத்தமாக இருந்தும் வேலை செய்யாத போர்டுகள் உண்டு. பாகம் மாறியிருக்கும், அல்லது திசை மாறியிருக்கும்.

ரெசிஸ்டரில் 103 என்றிருந்தால் 10 கிலோ ஓம். செராமிக் கெப்பாசிட்டரின் மேலோ எதுவுமே எழுதியிருக்காது. 22 பி.எஃப்.பும் (பிக்கோஃபாரட்) 100 என்.எஃப்.பும் (நானோஃபாரட்) மேசையில் கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. சாதாரண மல்டிமீட்டரையும் நம்ப முடியாது, சில பி.எஃப். அளவுகளில் அதன் ஒயர்களே கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மதிப்பின் பாகங்கள் அடைத்த பட்டையைப் பிரியுங்கள். அதற்குரிய எல்லா இடங்களிலும் வைத்து, பட்டியலில் டிக் அடித்த பிறகே அடுத்தது. சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். தொலைந்த கெப்பாசிட்டருக்கு மாற்று வாங்கும்போது, லோ பாஸ் ஃபில்டருக்கு (தேவையற்ற உயர் அலைவரிசைகளை வடிகட்டும் பகுதி) மதிப்பு மாறாத சி0ஜி வகைதான். எக்ஸ்7ஆர் வகையின் மதிப்பு வெப்பத்துக்கும் வோல்ட்டேஜுக்கும் ஏற்ப நகரும். பைபாஸுக்கு (சப்ளை வரியின் இரைச்சலை கிரவுண்டுக்குத் திருப்புவது) மட்டும் அது போதும்.

சால்டருக்கு 0.5 மி.மீ. தடிமனில் 63/37 ஈயக்கம்பி, அயர்ன் 320 முதல் 340 டிகிரி செல்சியஸ். ஊசிமுனை டிப் வேண்டாம், அது சூட்டைச் சரியாகக் கடத்தாது, 1.5 மி.மீ. உளிமுனை நல்லது. ஒரு பேடில் (போர்டில் பாகத்தின் முனை ஒட்டும் உலோகத் திட்டு) மட்டும் ஈயம் வைத்து, ட்வீசரால் பாகத்தைப் பிடித்தபடி அதை உருக்கி உட்காரவையுங்கள். மறுமுனையைச் சால்டர் செய்து, பிறகு முதல் முனைக்குக் கொஞ்சம் ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பரவ உதவும் பசை) தொட்டு மீண்டும் சூடு காட்டுங்கள். அயர்ன் பேடைத் தொடட்டும், செராமிக் உடலைத் தொட வேண்டாம். திடீர்ச் சூட்டில் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போர்டை லேசாக வளைத்தாலே ரிசீவர் வந்து வந்து போகும்.

அலைவரிசையை உருவாக்கும் எஸ்ஐ5351ஏ சிப்பில் கால்களின் இடைவெளி 0.5 மி.மீ.தான். முதல் காலின் புள்ளியைப் பார்த்து, எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு காலைப் பிடித்த பிறகு மற்றவை. இரண்டு கால்களுக்கு நடுவே ஈயப் பாலம் விழுந்தால் ஃபிளக்ஸ் போட்டுச் செம்புப் பின்னலால் உறிஞ்சுங்கள்.

திசையில் ஏமாறுவது இங்கேதான்: டயோடில் கோடு கேத்தோடைக் காட்டும். டான்டலம் கெப்பாசிட்டரில் கோடு பாசிட்டிவ். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் கறுப்புப் பட்டை நெகட்டிவ். டான்டலத்தைத் திருப்பி வைத்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

டொராய்டில் (ஒயர் சுற்றும் வளைய வடிவக் கோர்) ஒயர் துளைக்குள் ஒருமுறை போனாலே ஒரு சுற்று. மஞ்சள் டி37-6 கோரில் 21 சுற்று சுமார் 1.3 மைக்ரோஹென்றி தரும். ஒயர் முனையில் எனாமல் பூச்சு சரியாகச் சுரண்டப்படாவிட்டால் அவுட்புட்டே வராது. பேடிலிருந்து பேடுக்கு மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (மின் தொடர்பு) பாருங்கள்.

பவர் கொடுக்கும் முன் சப்ளை வரிக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். பவர் சப்ளையின் கரண்ட் லிமிட்டை 150 மில்லிஆம்பியரில் வைத்து முதலில் ரிசீவரை மட்டும் ஓட்டுங்கள். லிமிட்டைத் தொட்டால் உடனே அணைத்துவிட்டுத் தேடுங்கள். டிரான்ஸ்மிட்டர் சோதனைக்கு லிமிட்டை உயர்த்தி, ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடு போடுங்கள்: 1 கிலோ ஓம், அரை வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் 20 எண்ணிக்கை இணையாக வைத்தால் 50 ஓம், 10 வாட் தாங்கும். வயர்வவுண்ட் ரெசிஸ்டர் வேண்டாம், அது சுருளாகவே நடந்துகொள்ளும். ஆன்டெனாவில் சிக்னல் அனுப்ப லைசென்ஸ் கட்டாயம்.