தலைக்கு 135 லிட்டர்: யார் போட்ட கணக்கு?

குடிநீர்த் திட்டம் என்று பேச்செடுத்தாலே "தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர்" என்பார்கள். அவ்வளவு தண்ணீர் நம் வீட்டுக் குழாயில் இன்றே வந்தாக வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது திட்டம் போடும் பொறியாளருக்கு மத்திய அரசின் குடிநீர்க் கையேடு தந்த அளவுகோல்.

அந்த 135 கூட எல்லா ஊருக்கும் இல்லை. 1999-இல் வந்த கையேட்டின்படி, பாதாளச் சாக்கடை இருக்கும் ஊருக்கும் வரப்போகும் ஊருக்கும்தான் 135. பெருநகரமானால் 150. சாக்கடைத் திட்டமே இல்லாத ஊருக்கு 70 தான். தெருக்குழாயை நம்பியிருப்பவருக்கு 40. கழிவை இழுத்துப்போகும் நீரையும் சேர்த்தே கணக்கு என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு. காரணம் புரிகிறது, ஆனால் அந்தக் கணக்கில் சாக்கடை வராத ஊர் தண்ணீரிலும் பாதியோடு நின்றது.

அடுத்து மக்கள்தொகை. கணக்கு சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். இன்றைய மக்களுக்கு மட்டும் குழாய் பதித்தால் பத்து வருடத்தில் மறுபடி தெருவைத் தோண்ட வேண்டிவரும். அதனால் குழாய்களுக்கு 30 ஆண்டு, மோட்டாருக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் 15 ஆண்டு என்று முன்கூட்டியே பார்க்கச் சொன்னது அந்தக் கையேடு.

ஒரு ஊரை வைத்துப் பார்ப்போம். 2001-இல் 80,000 பேர், 2011-இல் 1,00,000 பேர். பத்தாண்டுக்கு 20,000 பேர் கூடுவதாகக் கொண்டால் 2051-இல் 1,80,000. அதையே பத்தாண்டுக்கு 25 சதவீத வளர்ச்சி என்று எடுத்தால் சுமார் 2,44,000. இரண்டும் ஏற்கப்பட்ட முறைகள்தான். தலைக்கு 135 வீதம் பெருக்கினால் முதலாவதற்கு நாளுக்கு 2.43 கோடி லிட்டர், மற்றதற்கு கிட்டத்தட்ட 3.3 கோடி. வழியில் கசிந்தும் கணக்கில் வராமலும் போவது 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது அந்த 1999 கையேடு. அதையும் சேர்த்தால் ஆற்றிலிருந்து எடுக்க வேண்டியது முறையே 2.86 கோடியும் 3.88 கோடியும். முறையை மாற்றியதில் மட்டும் நாளுக்கு ஒரு கோடி லிட்டர் வித்தியாசம்! நம் ஊர்க் குழாய்களைப் பார்த்தவர்களுக்கு அந்த 15 சதவீதமும் ரொம்பத் தாராளமான நம்பிக்கையாகத்தான் படும்.

இதில் இன்னொரு சிக்கல். 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் நகரங்களுக்கான மத்திய அரசின் குடிநீர்த் திட்டமான அம்ருத் 2.0 தொடங்கியபோது கையிலிருந்தது 2011 கணக்குதான். இடையில் புறநகரில் முளைத்த மனைப்பிரிவுகள் அதில் இல்லை. போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் ஓடும் வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. அவர்கள் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதும் தெரியாது. போர் வற்றும் கோடையில் அந்த வீடுகளெல்லாம் ஒரே நேரத்தில் நகராட்சிக் குழாயைத் தேடி வரும்.

உங்கள் ஊருக்குப் புதுத் திட்டம் வருகிறதென்றால், அதன் விரிவான திட்ட அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். எந்த ஆண்டு மக்கள்தொகை, எந்த முறை, தலைக்கு எத்தனை லிட்டர், கசிவு எத்தனை சதவீதம், புதிதாக இணைந்த பகுதிகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டெண்டர் விடுவதற்கு முன்பே கேட்பது நல்லது.