பிட் வீதமா, பிட் விகிதமா?

அக்கா கல்யாணத்து மினிடிவி (MiniDV) வீடியோ கேசட் இரண்டையும் கணினியில் ஏற்றினேன். மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி வீதம் 26 ஜிபி. அதை ஒரே டிவிடியில் அடக்க வேண்டும். தமிழாக்கப்பட்ட மென்பொருள் ஒன்றைத் திறந்தால் 'பிட் விகிதம்: 8' என்று ஒரு பெட்டி. நேர்கீழே 'தோற்ற விகிதம்: 4:3'. பக்கத்தில் இருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, மேலே இருக்கிறது எட்டுக்கு எத்தனை?"

நியாயமான கேள்வி. இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, அது விகிதம். ஆளுக்கு மூன்று இட்லி போடுவது வீதம். படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள 4:3 விகிதம்தான். நொடிக்கு எத்தனை பிட் என்பது எப்படி விகிதமாகும்?

'பிட்' என்பது பைனரி டிஜிட்டின், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கத்தின் சுருக்கம். கணிதவியலாளர் ஜான் டூக்கி வைத்த பெயர், 1948இல் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானனின் கட்டுரையில் அச்சேறியது. ரேட் (வீதம்), ரேஷியோ (விகிதம்) இரண்டும் 'கணக்கிடு' எனும் ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை. ஆனாலும் ஆங்கிலத்தில் யாரும் இரண்டையும் குழப்புவதில்லை. நாம்தான் குழப்புகிறோம்.

இதைச் சொன்னால் உடனே, "சதவீதம், சதவிகிதம் இரண்டும் ஒன்றுதானே?" என்பார்கள். அங்கே ஒன்றுதான். நூற்றுக்கு இத்தனை என்பதை இரண்டு வகையாகவும் பார்க்கலாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரில் உள்ள வீதத்தையெல்லாம் விகிதமாக்கினால் எப்படி? செய்தித்தாளில் வட்டி விகிதம், பிறப்பு விகிதம், பாலின விகிதம் எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. கடைசியானது மட்டும்தான் உண்மையில் விகிதம். ஓரெழுத்து கூடினால் சொல்லுக்குக் கனம் வந்துவிடும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு நினைப்பு. இலங்கையில் பத்து வீதம் என்றாலே நூற்றுக்குப் பத்து. கனம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

'துணுக்கு வீதம்' என்பவர்களும் உண்டு. வீதம் சரி. ஆனால் துணுக்கு என்றதும் எனக்கு வார இதழ்ச் சிரிப்புத் துணுக்குதான் நினைவுக்கு வருகிறது. பிட் நோட்டீஸ் ஒட்டிய ஊரில் பிட் இருந்துவிட்டுப் போகட்டும். 'பிட் வேகம்' வேண்டவே வேண்டாம். வட்டில் எழுதும் வேகம் வேறு தனியாக இருக்கிறது.

பிட் வீதம் என்று சொல்லிப் பாருங்கள், கணக்கு தானே வரும். ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட். (கணினி 4.37 என்று காட்டும். அது 1024ஆல் மும்முறை வகுத்துச் சொல்வது, வட்டில் குறையில்லை.) ஒரு பைட்டுக்கு எட்டு பிட், எனவே எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரத்துக்கு 7,200 நொடி. வகுத்தால் நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட் (ஒரு மெகாபிட் பத்து லட்சம் பிட்) வீதம். ஒலிக்கு 0.2, மெனுவுக்கும் பிறவற்றுக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் படத்துக்கு 4.8 போடலாம். மென்பொருள் வைத்திருந்த எட்டை அப்படியே விட்டிருந்தால் 7 ஜிபியைத் தாண்டியிருக்கும். தாலி கட்டுவதற்குள் வட்டு நிறைந்திருக்கும்.

அக்கா மகனையே 4.8 என்று மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டு, "கீழே இருக்கிறதையும் மாற்றணுமா மாமா?" என்றான். அது விகிதம், தொடாதே என்றேன்.